கேசரி இன்னும் சாப்பிடவில்லை

எலி மிதந்தது. மூழ்கிவிடும் என்றுதான் அஞ்சுகம் நினைத்திருந்தாள். கவருக்குள் காற்று நின்றுவிட்டது போல, ஃப்ரீசரில் உறைந்துகிடந்த, கண் திறக்காத, மயிர் இப்போதுதான் அரும்பிய அந்த வெள்ளைக் குஞ்சு, கட்டைவிரல் நீளம்கூட இல்லாதது, மக்கிலிருந்த வெந்நீரின் மேல் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டது. ஒரு டம்ளரைக் கவிழ்த்து அழுத்தலாமா என்று பார்த்தாள். அப்புறம் அது எந்த டம்ளர் என்று ஆயுசுக்கும் சந்தேகமாகிவிடும், அவர் காப்பி குடிக்கும்போதெல்லாம் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று விட்டுவிட்டு, மேசையில் கிடந்த ஸ்கேலால் அழுத்திப் பிடித்தாள். ஸ்கேல் நறுமுகையுடையது. அதுவும் ஒரு குற்றமாகுமோ என்னவோ. மணி ஒன்றே முக்கால். வீட்டுக்காரர் கோதண்டபாணி, பாலிடெக்னிக்கில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருப்பார். அவருடைய மகள் நறுமுகை கோயம்புத்தூரில் ஹாக்கி முகாமில் இருக்கிறாள், நாளைக் காலை திருச்சிக்கு வந்துவிடுவாள். அவர் மகள் என்றுதான் அஞ்சுகத்துக்கு மனதில் வருகிறது. கல்யாணமாகி இரண்டு வருஷமாகியும் நம்ம பொண்ணு என்று வரமாட்டேன் என்கிறது, அதற்கு அவள் மட்டுமா காரணம், அந்தப் பெண் ஒரு நாளாவது சித்தி என்றோ, அத்தை என்றோ, வேறு ஏதாவது ஒரு முறை சொல்லியோ கூப்பிட்டிருக்கிறாளா, இங்க பாருங்க, ஒரு நிமிஷம், ஏங்க, அவ்வளவுதான், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம் பேசுகிற பேச்சு. அப்படிப்பட்டவள் போகும்போது தன் பாம்பை மட்டும் இவள் கையில் ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறாள். போன சனிக்கிழமை அது சாப்பிடவில்லை. இன்று செவ்வாய். இன்றும் சாப்பிடவில்லை என்றால் நாளைக்குக் கதவைத் திறந்து அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

மக்கை இந்த அறைக்குள்ளேயே வைக்கச் சொல்லித்தான் எழுதியிருந்தது. எல்லாம் எழுதியிருந்தது. கோடு போட்ட நோட்டுத் தாள், கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் செல்லோடேப்பால் ஒட்டியது, மேலே யாருக்கு என்று ஒரு வார்த்தை கிடையாது. தண்ணி தினமும் மாத்தணும். ஏசி இருபத்தேழுல இருக்கணும். சனிக்கிழமை சாப்பாடு, வெந்நீர்ல கவரோட போட்டு மக்கை ரூம்லயே வைங்க, வாசம் தெரிஞ்சாத்தான் அதுக்குப் பசி வரும். கையால குடுக்க வேண்டாம், கிடுக்கி இருக்கு. பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டே இருக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை என் ரூமுக்குள்ள சாம்பிராணி வேண்டாம். சாப்பிட்ட பிறகு ரெண்டு நாள் தூக்க வேண்டாம். நாலு வேண்டாம். முதல் நாளே எண்ணிவிட்டாள். ஒவ்வொரு வேண்டாமுக்கும் அடியில் ஒரு கோடு, சாம்பிராணிக்கு மட்டும் இரண்டு கோடு. பாம்பைத் தூக்க வேண்டாமாம், இவள் என்னமோ அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவெல்லாம் சுற்றப் போகிற மாதிரி. பக்கத்தில் நிற்க வேண்டாம் என்றால் என்ன அர்த்தம், என் அறையில் நிற்காதே என்றுதானே அர்த்தம், அதை நேராக எழுத முடியாமல் பாம்பின் தலையில் போட்டு எழுதியிருக்கிறாள். பாம்பின் கால் பாம்பறியும். பதினோரு வருஷம் ஜவுளிக்கடை வாசலில் நின்று, ஒவ்வொரு பையையும் பிரித்து, பில்லில் மூன்று உருப்படி என்றால் பையிலும் மூன்றுதானா என்று பார்த்துப் பில்லில் ஓட்டை போட்டுக் கொடுத்தவளுக்கு ஒரு தாளைப் படிக்கத் தெரியாதா. தாளில் எழுதியிருப்பது ஒன்று, பையில் இருப்பது ஒன்று, அதைக் கண்டுபிடிப்பதுதானே அவள் தொழில்.

கால் வலித்தது. கட்டில் இதோ இருக்கிறது, இரண்டடியில், நறுமுகையின் கட்டில், மேலே மடித்து வைத்த போர்வை. மேசைக்கு முன்னால் சக்கரம் வைத்த நாற்காலியும் இருக்கிறது. உட்காரக்கூடாது. கண்ணாடிப் பெட்டியின் உள்பக்கம், வலது மூலையில், வட்டமாகக் கறுப்பாக ஒன்று ஒட்டியிருந்தது, தண்ணீர் பாட்டில் மூடி அளவு, நடுவில் கண்ணாடி, அந்தக் கண்ணாடிக்குள் ஒன்றுமே இல்லாத இருட்டு. சனிக்கிழமை சாயங்காலம் பாம்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்று குனிந்து தேடும்போதுதான் அதைப் பார்த்தாள். கேமரா. ஒயர் இல்லையே என்று சொல்லலாம், இந்தக் காலத்தில் எதற்குத்தான் ஒயர் இருக்கிறது. அவரிடம் கேட்கலாம் என்று வாய்வரை வந்து நிறுத்திக்கொண்டாள். அவருக்கும் தெரிந்தே வைத்திருந்தால்? அப்பாவும் பெண்ணும் சேர்ந்து வைத்திருந்தால், கேட்பதே தப்பை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அவர் சிரிப்பார். சிரித்துவிட்டுப் பெண்ணுக்குப் போன் போடுவார். அன்றிலிருந்து இந்த அறைக்குள் வரும்போது தலையைக் கோதிக்கொள்கிறாள், முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்கிறாள், பாம்பைப் பார்த்து, என்னடா கண்ணு சாப்பிடலையா என்று தனக்கே கூசுகிற குரலில் கேட்கிறாள். உட்காருவதில்லை. கடையில் மூன்றாவது மாடி வாசலில் அவள் தலைக்கு மேலேயே ஒரு கேமரா இருந்தது. ஆடி மாதக் கூட்டத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், துணிக்கட்டின் மேல் அரை நிமிஷம் சாய்ந்தாள், உடனே மேலேயிருந்து மைக்கில் குரல் வந்தது, மூணாம் மாடி வாசல், நிமிர்ந்து நில்லுங்க. முந்நூறு ஜனம் திரும்பிப் பார்த்தது. கெண்டைக்கால் நரம்பு பச்சைப் பச்சையாகப் புடைத்துக்கொண்டது அந்தப் பதினோரு வருஷத்தில்தான். கல்யாணம் ஆனதும் முதல் வேலையாக உட்கார்ந்தாள். சோபாவில், படியில், குளியலறையில் கவிழ்த்த வாளி மேல், எங்கே இடம் கிடைத்தாலும் உட்கார்ந்தாள். இந்த அறையில் மட்டும் முடியவில்லை.

தண்ணீரைத் தொட்டுப் பார்த்தாள், வெதுவெதுப்பு. கவரோடு எலியை விரலால் அமுக்கினாள், மேலே இளகியிருந்தது, உள்ளே இன்னும் கல். பெட்டிக்குள் அசைவே இல்லை. தேங்காய்நார்த் துகளுக்கு மேலே கவிழ்த்து வைத்த பாதிச் சிரட்டை, அதற்குள்ளிருந்து ஒரு வளைவு மட்டும் தெரிந்தது, ஆரஞ்சும் சிவப்புமாக, நெய் மினுமினுப்போடு. அதனால்தான் அதற்குக் கேசரி என்று பெயர் வைத்தாளாம். அஞ்சுகம் அன்றிலிருந்து கேசரி கிண்டுவதை நிறுத்திவிட்டாள். வெளிநாட்டுப் பாம்பு, அங்கே சோளக் களஞ்சியத்தில் எலி பிடிக்கிற ஜாதி, விஷம் கிடையாது, வனத்துறையில் முறைப்படி பதிவு பண்ணி வாங்கியது என்று கோதண்டபாணி நூறு தடவை சொல்லியிருக்கிறார். பொதுத்தேர்வை ஒழுங்காக எழுதி முடித்தால் கேட்டதை வாங்கித் தருவேன் என்று சொன்ன மனுஷன், ஸ்கூட்டி கேட்பாள் என்று நினைத்தார், பாம்பைக் கேட்டாள். ஐந்து வாரம் ஆகிறது. பக்கத்து வீட்டு ஜெபமாலை அக்கா வந்து எட்டி நின்று பார்த்துவிட்டு, உடம்புல கட்டுக்கட்டா இருக்கே, இது நம்ம ஊரு கட்டுவிரியன் குட்டிக்குச் சாயம் போட்டுக் குடுத்துட்டானோ என்னமோ என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டுப் போனாள். அன்று ராத்திரி முழுக்க அந்த வார்த்தை அஞ்சுகத்தின் தலைமாட்டிலேயே கிடந்தது. சாயம் என்றால் தண்ணீரில் கரையுமே என்று நான்கு நாள் தண்ணீர்க் கிண்ணத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். கரையவில்லை, நல்ல சாயமாக இருக்கும். வாசல் நிலைக்கு மேலே அவள் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் கட்டிய ஆகாச கருடன் கிழங்கு இன்னும் தொங்குகிறது, பின்னால் சாக்கடை ஓடுகிற வீடாயிற்றே, அந்த வாசத்துக்குப் பாம்பு அண்டாது என்று கட்டியது. வாசலில் பாம்பை விரட்டக் கிழங்கு, உள்ளே பாம்புக்கு ஏசி. சித்திரை வெயிலில் அடுப்படியில் இவள் வெந்து சாக, அது இருபத்தேழு டிகிரியில் சிரட்டைக்குள் படுத்திருக்கிறது. ஒருவேளை அந்தக் கிழங்கினால்தான் சாப்பிடவில்லையோ. அதெப்படி, அந்தப் பெண் கொடுத்த நான்கு வாரமும் கிழங்கு அங்கேதானே இருந்தது, நான்கு தடவையும் சாப்பிட்டதே. நறுமுகை கொடுத்தால் சாப்பிடுகிறது, இவள் கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. வளர்த்தவளைப் போலவே வந்து வாய்த்திருக்கிறது.

ஏன் இவளிடம் கொடுத்தாள்? அங்கேதான் நினைப்பு போய்ப் போய் முட்டியது. பாம்பென்றால் உயிரை விடுகிற தோழி ஒருத்தி தில்லைநகரிலேயே இருக்கிறாள், அவளிடம் விட்டிருக்கலாம். பத்து நாள் ஹாக்கி முகாம் என்று தெரிந்ததும் நறுமுகை அவரிடம் ஏதோ பேசினாள், அவர் வந்து அஞ்சுகத்திடம் சொன்னார், அவளே உன்னைத்தான் பார்த்துக்கச் சொல்றா, இதை ஒழுங்காப் பண்ணிட்டா அவ தானா உன்கிட்ட வந்துடுவா என்று. ஒழுங்காகப் பண்ணாவிட்டால்? அதை அவர் சொல்லவில்லை, சொல்லவேண்டியதும் இல்லை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். மூத்தாள் பிள்ளை வளர்த்த பாம்பு இளையாள் கையில் செத்தால் அது என்ன குடம்? செத்துப்போகவே கொடுத்திருப்பாளோ. ஏற்கெனவே ஏதாவது நோவு இருந்து, தெரிந்தே ஒப்படைத்துவிட்டுப் போயிருப்பாளோ. சே, பதினேழு வயசுப் பெண். பதினேழு வயசுப் பெண்களைத்தான் அவள் நிறையப் பார்த்திருக்கிறாள், சுடிதாருக்கு மேல் சுடிதார் போட்டுக்கொண்டு, கண்ணை அகலமாக வைத்துக்கொண்டு கடை வாசலைத் தாண்டுவார்கள். ஆனால் அந்தப் பெண்மணி. அந்தப் பெண்மணி மட்டும் நினைவுக்கு வரவேண்டாம் என்று பார்த்தாள், வந்துவிட்டாள். தோளில் கைக்குழந்தை, கையில் வீங்கிய துணிப்பை, நடையில் ஒரு பதற்றம், பார்த்ததும் திருட்டுத்தான் என்று அஞ்சுகத்துக்கு உறுதியாகிவிட்டது. எல்லோர் முன்னாலும் பையைக் கொட்டச் சொன்னாள். ஈரத் துணி நான்கு, பால் புட்டி, ஒரு தூக்கில் மிச்ச சோறு. அந்தப் பெண்மணி குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பைக்குள் வைத்துவிட்டு, சத்தமே போடாமல், இப்ப திருப்தியா என்று கேட்டாள். ஏழு வருஷம் இருக்கும். நறுமுகை சில சமயம் கதவைச் சாத்துகிற விதத்தில் அந்த இப்ப திருப்தியா கேட்கிறது.

தண்ணீர் ஆறிவிட்டது. சமையலறைக்குப் போய்க் கெட்டிலில் சுடவைத்து எடுத்துவந்து ஊற்றினாள், மறுபடி ஸ்கேல், மறுபடி நின்றாள். மூன்றரைக்குத்தான் முகாமில் பிள்ளைகள் கையில் போனைக் கொடுப்பார்கள், தினமும் மூன்றரைக்கு அழைப்பு வருகிறது, தண்ணி மாத்தினீங்களா, ஏசி ஓடுதா, சரி. சனிக்கிழமை, சாப்பிடலைம்மா என்று இவள் சொன்னபோது அந்தப் பக்கம் ஒரு ம் வந்தது. வெறும் ம். அந்த ம்மை அஞ்சுகம் மூன்று நாளாகப் பிரித்துப் பிரித்துப் பார்க்கிறாள். எனக்குத் தெரியும் என்கிற ம்மா, இருக்கட்டும் வந்து கவனித்துக்கொள்கிறேன் என்கிற ம்மா. கேமராவில் பார்த்திருந்தால் வெள்ளிக்கிழமையையும் பார்த்திருப்பாள். வெள்ளிக்கிழமை. மேசையின் மேல் பிரேமாவின் போட்டோ இருந்தது, நறுமுகையைப் பெற்றவள், மஞ்சள் புடவை, யாரோ கூப்பிட்டுத் திரும்பிய மாதிரி சிரிப்பு. கூடத்தில் மாலை போட்ட படம் ஒன்று இருக்கிறது, அதற்கு வெள்ளி தவறாமல் அஞ்சுகம்தான் விளக்கேற்றிச் சாம்பிராணி காட்டுகிறாள், யாரும் சொல்லிச் செய்வதில்லை. அன்றைக்கும் தூபக்காலைத் தூக்கிக்கொண்டு கூடம், அடுப்படி, படுக்கையறை எல்லாம் போய்விட்டு இந்தக் கதவின் முன்னால் நின்றாள். ஒரு வீட்டில் ஒரு அறையை மட்டும் விட்டுவிட்டு யாராவது புகை போடுவார்களா. அந்த இரண்டு கோடு கண்ணில் வந்து நின்றது. சாம்பிராணி வேண்டாமாம், அம்மா புகை போட்ட அறைக்குள் நீ போடாதே என்றுதானே அர்த்தம், எந்த முறையும் சொல்லிக் கூப்பிடாதவள் இதை மட்டும் அடிக்கோடு போட்டுச் சொல்வாளாம். கோபமில்லை, கோபம் என்று சொல்லமுடியாது, ஒரே ஒரு தடவை இந்த வீட்டுக்காரியாக இந்த அறைக்குள் நடந்துபார்க்க வேண்டும் என்று இருந்தது. நுழைந்தாள். நான்கு மூலையிலும் காட்டினாள், ஜன்னல் திரைக்குப் பின்னால் காட்டினாள், பெட்டிக்கு முன்னாலும் ஒரு சுற்று. அப்புறம் அந்தச் சின்னப் போட்டோவின் முன்னால் நின்று வாய்விட்டே பேசிவிட்டாள். பேசியதை இப்போது நினைத்தால் காது சுடுகிறது. கேமராவில் சத்தமும் பதிவாகும்.

எலி இளகிவிட்டது. கவரைக் கத்தரித்து, காகிதத்தில் ஒற்றி ஈரம் எடுத்து, தலைப்பக்கத்தை மட்டும் இன்னொரு தரம் வெந்நீரில் காட்டி, நீளக் கிடுக்கியில் இடுப்பைப் பிடித்தாள். கிடுக்கி நுனியில் எலி லேசாக ஆடியது, உயிரோடு இருக்கிற மாதிரி இருந்ததால் அதுவும் நல்லதுக்குத்தான். மூடியை நகர்த்தி உள்ளே இறக்கினாள். சிரட்டைக்குள்ளிருந்து தலை வந்தது, சுண்டுவிரல் நகம் அளவுத் தலை, இமை இல்லாத சிவந்த கண். பார்க்கிறதா பார்க்கவில்லையா என்று சொல்லமுடியாத பார்வை. கடைக்கு வந்த எவருடைய கண்ணையும் படித்திருக்கிறாள், இதன் கண்ணில் ஒரு எழுத்து ஓடவில்லை. நாக்கு வெளியே வந்தது, காற்றை இரண்டு தரம் தடவியது, உள்ளே போனது. மறுபடி வந்தது, எலிப்பக்கம் போகாமல் மேலே, பக்கவாட்டில், பெட்டியின் ஓரத்தில், அறையையே நக்கிப் பார்க்கிற மாதிரி தடவிவிட்டு, தலை மெதுவாகப் பின்வாங்கியது. சனிக்கிழமையும் இதேதான் செய்தது. எலியை அது வேண்டாம் என்று சொல்லவில்லை, எலியையே அது கண்டுகொள்ளவில்லை. வேறெதையோ சந்தேகப்படுகிறது. சந்தேகப்படுகிறவர்களை அஞ்சுகத்துக்குத் தெரியும், அவர்கள் முன்னால் இருப்பதைப் பார்க்கமாட்டார்கள். நாக்கால்தான் அதற்கு மோப்பம் என்று அவர் எங்கேயோ படித்துவிட்டுச் சொன்னது ஞாபகம் வந்தது. அவள் தலையைத் தூக்கித் தானும் மூக்கை உறிஞ்சினாள். ஒன்றும் தெரியவில்லை, அவளுக்குப் பழகிப்போன காற்று. நாலடி நடந்து ஜன்னல் திரையை இழுத்து முகத்தோடு அழுத்திக்கொண்டாள். சாம்பிராணி. நான்கு நாளான சாம்பிராணி, ஏசிக்காகச் சாத்திவைத்த அறையில் போக வழியில்லாமல், திரையில், போர்வையில், மெத்தையில் ஊறிக்கிடந்தது. தாளைத் திரும்பிப் பார்த்தாள். வாசம் தெரிஞ்சாத்தான் அதுக்குப் பசி வரும். மூன்று வரி தள்ளிச் சாம்பிராணி வேண்டாம், இரண்டு கோடு. பாம்புக்காக எழுதியது. பிரேமாவும் இல்லை, இவளும் இல்லை, இவள் அந்தத் தாளில் எங்கேயுமே இல்லை. தாளில் எழுதியிருந்ததும் பையில் இருந்ததும் ஒன்றாகவே இருந்திருக்கிறது.

முதலில் அவமானமாக இருந்தது, அப்புறம் பயம். ஜன்னலைத் திறந்தால் வாசம் போகும், ஆனால் அந்தக் கறுப்புக் கண் பார்த்துக்கொண்டிருக்கிறதே, நான்கு நாள் கழித்து ஜன்னலைத் திறந்து திரையைக் கழற்றுகிறவள் எதை மறைக்கிறாள் என்று பார்க்கிறவளுக்குப் புரியாதா. கடையில் ஒருத்தி மாட்டியதே இப்படித்தான், எடுத்த துணியைத் திரும்பக் கொண்டுபோய் வைக்கும்போது. திறக்காமலேயே விட்டால்? பாம்பு சாப்பிடாது. சாப்பிடாவிட்டால் மெலியும். கூண்டுக்குள் பட்டினி கிடக்கிற ஒரு ஜீவனை வைத்துக்கொண்டு தன் மானத்தை எடைபோட்டுக்கொண்டிருக்கிறோமே என்று அப்போதுதான் உறைத்தது. எலியைக் கவரில் போட்டு மறுபடி வெந்நீரில் வைத்துவிட்டு ஏசியை நிறுத்தினாள், ஜன்னல் இரண்டையும் விரியத் திறந்தாள், உறையூர் வெயில் மொத்தமாக உள்ளே வந்தது. நாற்காலியில் ஏறித் திரையைக் கழற்றினாள், போர்வை, தலையணை உறை, மெத்தை விரிப்பு எல்லாவற்றையும் அள்ளிக் கொல்லைக் கொடியில் போட்டாள், மின்விசிறியை ஐந்தில் வைத்தாள். பெட்டிக்குள் வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் கண்ணாடியைத் துடைத்தாள். அந்தக் கறுப்பு வட்டத்தையும் துடைத்தாள், துடைக்கும்போது நேராக அதைப் பார்த்தாள், பார்த்துக்கோ என்று இருந்தது. கையை முழங்கை வரை கழுவினாள், சோப்பு போடாமல். ஐம்பது நிமிஷம் போயிற்று. எலிக்கு மூன்றாம் முறை வெந்நீர். ஜன்னலைச் சாத்தி, ஏசியைப் போட்டு, அறை ஆறும்வரை நின்றாள், கெண்டைக்கால் விண்விண் என்று தெறித்தது.

மூன்று இருபதுக்குக் கிடுக்கியை இறக்கினாள். தலை வந்தது. நாக்கு வந்தது, இந்தத் தடவை அறையைத் தடவவில்லை, நேராக எலியிடம் வந்து, போய், வந்து, போய், கழுத்து மட்டும் எஸ் மாதிரி மடிந்தது. அப்புறம் நடந்தது கண்ணுக்கே தெரியவில்லை, கிடுக்கி ஒரு வெட்டு வெட்டியது, பார்த்தால் எலியைச் சுற்றி ஆரஞ்சு வளையம் மூன்று. அஞ்சுகம் கிடுக்கியை விட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். செத்த எலியையே அது நெடுநேரம் நெரித்தது, செத்துவிட்டதா என்று அதற்கும் சந்தேகம். பிறகு பிடியைத் தளர்த்தி, எலியை முகர்ந்து முகர்ந்து தலையைக் கண்டுபிடித்து, தாடையை ஒரு பக்கம் முன்னால் வைத்து, மறுபக்கம் முன்னால் வைத்து, பாவாடைக்குள் நாடா கோர்க்கிற நிதானத்தோடு விழுங்க ஆரம்பித்தது. பக்கத்தில் நின்று பார்க்கவேண்டாம் என்று எழுதியிருந்தது ஞாபகம் வந்ததும் கதவோரம் போய் நின்றாள். அங்கிருந்தும் தெரிந்தது. கடைசியில் வால் மட்டும் வாயோரம் நூலாகத் தொங்கி, அதுவும் போனதும், பாம்பு பெரிதாக ஒரு கொட்டாவி விட்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு, எதற்கு என்று தெரியவில்லை, தன் பிள்ளை ஒரு வாய் சாப்பிட்டதைப் பார்த்த மாதிரி என்று சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் அப்படித்தான் இருந்தது. போன் அடித்தது.

சாப்பிட்டுச்சா என்று நறுமுகை கேட்டாள், அவ்வளவுதான், முன்னும் இல்லை பின்னும் இல்லை. இப்பத்தான், முழுசா என்றாள் அஞ்சுகம். போட்டோ அனுப்பச் சொல்வாள் என்று காத்திருந்தாள், நான் பார்த்தேனே என்று சொல்வாள் என்று காத்திருந்தாள். மூச்சுதான் கேட்டது, ஓடிவந்து நின்ற மூச்சு. பிறகு அந்தப் பெண் மெதுவாக, போன வாரம் ஏன் சாப்பிடலைன்னு மட்டும் தெரியலைங்க, நான் கிளம்புறதுக்கு முன்னாடி ரொம்ப நேரம் கையில வெச்சிருந்தேன், அதுல பயந்துடுச்சோன்னு நாலு நாளா விளையாட்டே ஓடலை என்றாள். அஞ்சுகத்தின் முதுகு நிமிர்ந்தது. இந்தக் கேள்வி தெரிந்த கேள்வி. கடையில் மேனேஜர் கேமராப் பதிவைப் பார்த்து முடித்த பிறகுதான் கூப்பிடுவார், ஒன்றும் தெரியாத மாதிரி, என்ன ஆச்சுன்னு தெரியலையேம்மா என்பார். தானாகச் சொன்னவளுக்கு மட்டும் மறுநாள் வேலை இருக்கும். அந்தக் கறுப்பு வட்டத்தைப் பார்த்தாள், இனி எதற்கு இழுத்தடிக்க வேண்டும்.

"உன்மேல தப்பில்லை. வெள்ளிக்கிழமை உன் ரூமுக்குள்ள நான்தான் சாம்பிராணி போட்டேன். நீ வேண்டாம்னு எழுதியிருந்ததைப் படிச்சுட்டுத்தான் போட்டேன். உங்க அம்மா போட்டோ முன்னாடி நின்னு உன்னைப் பத்திக் குறையும் சொன்னேன். நீயே பார்த்திருப்ப."

அந்தப் பக்கம் யாரோ விசில் ஊதினார்கள், பந்து எதிலோ மோதுகிற சத்தம் வந்தது.

"அம்மாகிட்ட என்ன சொன்னீங்க?"

தெரியாதா? கேட்டிருப்பாளே, கேட்டுவிட்டு என் வாயால் வரட்டும் என்று கேட்கிறாளா. இல்லை, அந்தக் குரலில் மேனேஜர் இல்லை. அந்தக் குரலில் ஒரு குழந்தைதான் இருந்தது, அம்மாவைப் பற்றிய ஒரு வார்த்தைக்காகக் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்கிற குழந்தை. பெட்டி மூலையில கறுப்பா வட்டமா ஒட்டியிருக்கே, அது என்னம்மா என்று சம்பந்தமில்லாமல் கேட்டாள். அதுவா, ஈரம் பார்க்கிற மீட்டர், நம்பர் காட்டும், பேட்டரி தீர்ந்து ரெண்டு வாரமாச்சு, மாத்த மறந்துட்டேன் என்று சொல்லிவிட்டு நறுமுகை விடாமல் மறுபடியும், என்ன சொன்னீங்க என்றாள்.

"இவ என்கிட்ட பேசவே மாட்டேங்கிறா பிரேமா, பெத்தவ நீயே வந்து பார்த்துக்கோ, என்னால ஆகலைன்னு சொன்னேன்."

அழுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தாள். இல்லை, மூக்கால் வருகிற சிரிப்பு, அழுகையும் கொஞ்சம் கலந்திருக்கலாம், போனில் பிரித்துப் பார்க்க முடியாது.

"நானும் தினம் அவங்ககிட்ட உங்களைப் பத்தித்தான் சொல்லிக்கிட்டிருக்கேன். என்னை எப்பவும் சந்தேகமாவே பார்க்கிறாங்கம்மான்னு."

கேமரா என்று நினைத்ததால்தான் சொன்னேன் என்கிற வார்த்தை அஞ்சுகத்தின் நாக்கு நுனிவரை வந்து நின்றது, சொல்லத்தான் வேண்டும், நாளைக்குச் சொல்லலாம், முகத்தைப் பார்த்துச் சொல்லலாம். காலை ஆறரைக்குப் பஸ் வந்துவிடும் என்றாள் நறுமுகை. சாப்பிட என்ன பண்ணட்டும் என்று கேட்டாள் அஞ்சுகம், எதுவானாலும் சரி என்றது அந்தப் பக்கம், வைத்துவிட்டது. அறை குளிர்ந்திருந்தது. சிரட்டைக்கு வெளியே வயிற்றில் ஒரு புடைப்போடு கேசரி நீட்டிப் படுத்திருந்தது. மூலையில் அந்தக் கறுப்பு வட்டம் யாரையும் பார்க்காமல் ஒட்டிக்கொண்டிருந்தது. விரிப்பு எடுத்த வெறும் மெத்தையின் ஓரத்தை அவள் கையால் தொட்டுப் பார்த்தாள். பிறகு மெதுவாக உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டாள்.